வரைபடம் யார் கையில்? எரிமலையும் நிலத்தடி நீரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நிலவியல் வரைபடம். எரிமலைகளைச் சுற்றி நிலவியலாளர்கள் வரைந்த வரைபடங்கள் எத்தனை உயிர்களைக் காத்தன, எங்கே காக்க முடியாமல் போயின, அதே வரைபடங்கள் எப்படிக் குடிதண்ணீருக்கு வழிகாட்டின என்று சொல்லப் போகிறேன்.

எரிமலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். இந்திய மண்ணில் இன்றும் நெருப்புக் கக்கும் எரிமலை ஒன்றே ஒன்று. அது அந்தமான் கடலில், போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பாரன் தீவு. அங்கே குடியிருப்பவர் யாருமில்லை. ஆனால், சென்னைக்கு வரும் கிருஷ்ணா தண்ணீர் எங்கே பிறக்கிறது? மகாபலேஷ்வரத்தில். அந்த மலை எதனால் ஆனது? சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு வெள்ளமாக ஓடி, அடுக்கடுக்காக உறைந்த பாறையால் ஆனது. அணைந்துபோன எரிமலையின் மடியில் பிறந்த தண்ணீரை நாம் குடிக்கிறோம். சம்பந்தம் இருக்கிறது, நண்பர்களே.

முதலில் இந்த வரைபடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் படம் ஊரைக் காட்டும், சாலையைக் காட்டும், ஆற்றைக் காட்டும். நிலவியல் வரைபடம் அந்த ஊரும் சாலையும் எதன் மேல் நிற்கின்றன என்று காட்டும். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு நிறம். ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் கோடு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையில் சுத்தியலோடு, தோளில் பையோடு, வெயிலில் நடந்து கண்டுபிடித்த கோடு. ஆறு அரித்த கரை, சாலைக்காக வெட்டிய மேடு, கிணறு தோண்டிக் குவித்த மண், இப்படிப் பூமி தன் உட்புறத்தைக் காட்டும் இடமெல்லாம் அவர்கள் நின்று பார்ப்பார்கள். செயற்கைக்கோள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் அந்த நடைக்கு மாற்று வரவில்லை.

அப்படி நடந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் டுவைட் கிராண்டெல். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். 1950-களில் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள தாழ்நிலங்களை அவர் வரைந்துகொண்டிருந்தார். அங்கே களிமண்ணும் கல்லும் கலந்து பரந்து கிடந்த ஒரு படிவத்தை, பழைய பனியாறு விட்டுச்சென்றது என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவருக்கு அது ஒப்பவில்லை. அந்தப் படிவத்தைப் பள்ளத்தாக்கின் வழியே மேல்நோக்கித் தொடர்ந்து போனார். அது எங்கே கொண்டுபோய்விட்டது தெரியுமா? ரெய்னியர் என்ற எரிமலையின் தோளுக்கே கொண்டுபோய்விட்டது!

நடந்தது இதுதான். சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன், அந்த மலையின் ஒரு பகுதி சரிந்தது. பாறையும் பனியும் நீரும் கலந்த சேறு, கலந்து வைத்த கான்கிரீட் போல, பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டு பாய்ந்து கடல் வரைக்கும் போனது. இந்தோனேசியாவின் ஜாவா மக்கள் இதை லஹார் என்பார்கள். இன்று உலகம் முழுவதும் அதே பெயர்தான். அந்தச் சேற்றுவெள்ளம் காய்ந்து கெட்டிப்பட்ட நிலத்தின் மேல் இப்போது எனம்கிளா, பக்லி என்ற ஊர்கள் நிற்கின்றன. பள்ளிக்கூடம் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன. அந்த மண் மலையிலிருந்து வந்தது என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

கிராண்டெல் அத்தோடு நிறுத்தவில்லை. டோனல் மல்லினோ என்ற சக நிலவியலாளரோடு சேர்ந்து, அதே மலைத்தொடரில் உள்ள எரிமலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு படிவத்திடமும் அவர்கள் கேட்ட கேள்விகள் எளிமையானவை. நீ என்ன? சாம்பலா, சேறா, எரியும் புகையோடு உருண்டு வந்த கல்லா? நீ எப்போது வந்தாய்? நீ எவ்வளவு தூரம் போனாய்? எப்போது என்ற கேள்விக்கு விடை, படிவத்துக்குள் புதைந்து கரியாகிப்போன மரத்துண்டில் இருந்தது. அந்தக் கரியை மேயர் ரூபின் என்ற விஞ்ஞானி ரேடியோ கார்பன் முறையில் சோதித்து வயது சொன்னார். இப்படி ஒரு மலையின் சில ஆயிரம் ஆண்டு நடத்தை வரைபடத்தில் ஏறியது.

அந்த மலைகளில் ஒன்று செயின்ட் ஹெலன்ஸ். 1857-க்குப் பிறகு அமைதியாக இருந்த மலை. உச்சியில் பனி, அடியில் ஏரி, ஏரிக்கரையில் விடுமுறை வீடுகள். 1975-இலும் 1978-இலும் இவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் சொன்னவை: அந்தத் தொடரில் அதிகம் வெடித்துப் பழகிய மலை இதுதான், அடுத்த 100 ஆண்டுகளுக்குள் மறுபடி வெடிக்கலாம், இந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே வெடித்தாலும் வெடிக்கலாம். கூடவே ஒரு வரைபடம். எந்தப் பள்ளத்தாக்கில் சேறு வரும், எந்தத் திசையில் சாம்பல் போகும் என்று அதில் வரைந்திருந்தது.

1980 மார்ச் மாதம் மலை குலுங்கத் தொடங்கியது. எச்சரிக்கை அறிக்கையை அதன் பிறகு உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி அச்சிட்டு வைத்திருந்தார்கள்! வனத்துறையும் உள்ளூர் அதிகாரிகளும் அந்த வரைபடத்தை வைத்து எல்லை வகுத்தார்கள், சாலைகளை மூடினார்கள். விடுமுறை வீட்டுக்காரர்கள் கோபப்பட்டார்கள். எங்கள் வீட்டுக்கு நாங்கள் போகக் கூடாதா என்று கேட்டார்கள். மே 17-ஆம் தேதி, பொருள்களை எடுத்துவர ஒரு கூட்டத்தை உள்ளே அனுமதித்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு அடுத்த கூட்டம் போவதாக ஏற்பாடு. அன்று காலை 8.32-க்கு மலையின் வடபுறம் மொத்தமாகச் சரிந்தது. வெடிப்பு பக்கவாட்டில் பாய்ந்து, ஏறக்குறைய 600 சதுர கிலோமீட்டர் காட்டைக் கிடத்தியது.

57 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தடை எல்லைக்கு வெளியேதான் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவ்வளவு பெரிய பக்கவாட்டு வெடிப்பு அந்த அளவுக்கு எட்டும் என்று யாரும் கணித்திருக்கவில்லை. வரைபடம் மலை முன்பு செய்ததைச் சொல்லும். முன்பு செய்யாததைச் செய்ய மலைக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் சாலைகள் திறந்திருந்தால், ஏரிக்கரை வீடுகளில் வார இறுதிக் கூட்டம் நிறைந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

இப்போது நான் சொல்லப் போவது துயரமான கதை. இதைச் சொல்லாமல் இந்தப் பொருளைப் பேசி முடிக்க முடியாது.

கொலம்பியா நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் என்று ஓர் எரிமலை. 5,300 மீட்டருக்கு மேல் உயரம். உச்சியில் எப்போதும் பனிக்கட்டி. அதன் கிழக்கே, மலையிலிருந்து இறங்கும் ஆறு பள்ளத்தாக்கை விட்டுச் சமவெளிக்கு வரும் வாயிலில், அர்மேரோ என்ற ஊர். பருத்தியும் நெல்லும் விளைந்த செழிப்பான ஊர். ஏறக்குறைய 29,000 பேர் வாழ்ந்தார்கள். அந்த நிலம் ஏன் அவ்வளவு செழிப்பு? மலைச்சேறு வந்து பரந்து படிந்த நிலம் அது. 1595-இல் ஒரு முறை சேறு வந்தது. 1845-இல் மறுபடி வந்து ஏறக்குறைய 1,000 பேரைப் புதைத்தது. அந்தச் சேறு காய்ந்த தரையின் மேல்தான் பிற்காலத்தில் அர்மேரோ எழுந்தது.

1984 கடைசியில் மலை விழித்துக்கொண்டது. 1985 செப்டம்பரில் நீராவி வெடிப்பு ஒன்று நிகழ்ந்து, சேறு ஓர் ஆற்றில் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. கொலம்பிய நிலவியலாளர்கள் அவசர அவசரமாகப் பழைய படிவங்களை வரைந்தார்கள். அக்டோபர் 7-ஆம் தேதி அபாய வரைபடத்தை முன்வைத்தார்கள். அதில் அர்மேரோ எங்கே இருந்தது? சேற்றுவெள்ளத்தின் பாதையில் இருந்தது. தெளிவாக இருந்தது. பிழையில்லாமல் இருந்தது.

வரைபடம் இருந்தது. ஆனால் யார் கையில் இருந்தது?

வீணாகப் பீதி கிளப்புகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். நிலத்தின் விலை விழுந்துவிடும், வியாபாரம் கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சினார்கள். ஊரைக் காலி செய்யச் சொல்லி, பிறகு ஒன்றும் நடக்காவிட்டால் அந்தச் செலவுக்கு யார் பொறுப்பு என்று மேலே இருந்தவர்கள் தயங்கினார்கள். ஒரு மாதம் போனது. நவம்பர் 13. பிற்பகலில் ஊரில் சாம்பல் விழுந்தது. அமைதியாக வீட்டுக்குள் இருங்கள் என்று மக்களுக்குச் சொன்னார்கள். இரவு 9 மணிக்குச் சற்றுப் பின் மலை வெடித்தது. பெரிய வெடிப்புகூட அல்ல. செயின்ட் ஹெலன்ஸோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் சூடான சாம்பலும் கல்லும் உச்சிப் பனியை உருக்கின. உருகிய நீர் ஆற்றில் இறங்கி, வழியில் மண்ணையும் கல்லையும் சேர்த்துக்கொண்டு பெருகிக்கொண்டே வந்தது. அர்மேரோவை எட்டியபோது இரவு சுமார் 11.30.

வெடித்ததற்கும் சேறு வந்ததற்கும் இடையே இரண்டரை மணி நேரம்! கிழவரும் குழந்தையும் நடந்தே மேட்டுக்குப் போய்ச் சேரப் போதுமான நேரம். புயல் மழை, மின்தடை, உறுதியான கட்டளை இல்லை. வரைபடத்தில் குறித்த பாதையிலேயே சேறு வந்தது. அர்மேரோவிலும் சுற்று வட்டாரத்திலுமாக ஏறக்குறைய 23,000 பேர் மாண்டார்கள்.

நிலவியலாளர் தம் வேலையைச் செய்தார்கள் என்று சொல்லி நாம் ஆறுதல் அடையலாமா? நான் அடைய மாட்டேன். வரைபடம் அலுவலக மேசையைத் தாண்டி, அந்தத் தெருவில் குடியிருப்பவரின் கைக்குப் போய், அவருக்குப் புரிந்து, அவர் காலை அசைத்தால்தான் அந்த வேலை முடிந்தது. அர்மேரோவுக்குப் பிறகு இந்தத் துறையில் இருந்த பலர் அப்படித்தான் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1986-இல், எந்த நாட்டில் எரிமலை விழித்தாலும் அந்நாட்டு விஞ்ஞானிகள் அழைத்தவுடன் போய் உதவும் ஒரு குழுவை அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை அமைத்தது.

அந்தக் குழுவுக்கு வந்த பெரிய சோதனை பிலிப்பைன்ஸில். பினாட்டுபோ மலை 500 ஆண்டுகளாகத் தூங்கியது. அது எரிமலை என்றே பலர் நம்பவில்லை. 1991 ஏப்ரல் 2-ஆம் தேதி நீராவி சீறியது. ரேமுண்டோ புனோங்பயான் தலைமையில் பிலிப்பைன்ஸ் எரிமலை ஆய்வு நிறுவனமும் அமெரிக்கக் குழுவும் சேர்ந்து களத்தில் இறங்கின. நேரம் குறைவு. பழைய படிவங்களைத் தேடினார்கள், கரித்துண்டுகளைப் பொறுக்கினார்கள். கிடைத்த விடை பயங்கரமானது: இந்த மலை அடிக்கடி வெடிப்பதில்லை, வெடித்தால் பிரம்மாண்டமாக வெடிக்கும். கிளார்க் விமானப்படைத் தளம் நின்ற நிலமே பழைய வெடிப்புகள் கொண்டுவந்து கொட்டிய மண். மே மாதக் கடைசியில் அபாய வரைபடம் தயார்.

இந்த முறை அவர்கள் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அதிகாரிகளைத் தேடிப் போனார்கள். ஊர்க் கூட்டங்களுக்குப் போனார்கள். மோரிஸ் கிராஃப்ட், காத்தியா கிராஃப்ட் என்ற பிரெஞ்சுத் தம்பதி உலகெங்கும் எரிமலைகளின் அருகே போய்ப் படம் எடுத்தவர்கள். எரிமலை மனிதரை என்ன செய்யும் என்று காட்டும் அவர்களது படத்தை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். சாம்பல் மேகம் என்று வாயால் சொன்னபோது நம்பாதவர்கள், கண்ணால் கண்டதும் நம்பினார்கள். ஜூன் 3-ஆம் தேதி ஜப்பானின் ஊன்சென் எரிமலையில் அந்தத் தம்பதி உயிரிழந்தார்கள். அவர்கள் எடுத்த படம் பிலிப்பைன்ஸில் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தது. ஜூன் 10-ஆம் தேதி கிளார்க் தளத்திலிருந்து ஏறக்குறைய 15,000 பேர் வெளியேறினார்கள். மலைச்சரிவில் வாழ்ந்த ஏட்டா பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்தார்கள். ஜூன் 15-ஆம் தேதி வெடித்தது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. அதே நாளில் புயல் வேறு. மழையில் நனைந்து கனத்த சாம்பலைத் தாங்காமல் கூரைகள் இடிந்து சில நூறு பேர் இறந்தார்கள். ஆனால் குறைந்தது 5,000 பேராவது காப்பாற்றப்பட்டார்கள் என்பது பின்னாளைய மதிப்பீடு.

அர்மேரோவிலும் வரைபடம், பினாட்டுபோவிலும் வரைபடம். அங்கே அது யார் கையில் இருந்தது, இங்கே யார் கைக்குப் போனது? வித்தியாசம் அவ்வளவுதான், அன்பர்களே.

கிராண்டெல் சுற்றிய ரெய்னியர் மலையின் அடிவாரத்தில் ஓர்ட்டிங் என்ற ஊர் இருக்கிறது. அதுவும் 500 ஆண்டுக்கு முந்தைய சேற்றின் மேல் நிற்கும் ஊர். வீடு கட்டத் தோண்டினால் சேற்றில் புதைந்த பழைய மரங்களின் அடிக்கட்டைகள் வருகின்றன. அங்கே இன்று பள்ளிப் பிள்ளைகள் சைரன் ஒலித்ததும் வரிசையாக மேட்டை நோக்கி நடந்து பழகுகிறார்கள். 2024 மார்ச்சில் நடந்த ஒத்திகையில், சுற்று வட்டாரப் பள்ளிகளிலிருந்து 40,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கலந்துகொண்டார்கள்.

இதுவரை மலை கொன்ற கதையைச் சொன்னேன். இனி அதே மலை தண்ணீர் ஊட்டும் கதைக்கு வருகிறேன்.

பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள். அவற்றில் ஒன்று ஓவாஹு. ஹொனலூலு நகரம் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் உப்புக்கடல். பக்கத்துக் கரையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவர முடியாத தூரம். அப்படியானால் அத்தனை லட்சம் மக்கள் குடிப்பது எந்தத் தண்ணீர்? எரிமலைக்குள் இருக்கும் தண்ணீர்!

அந்தத் தீவு வயானாய், கூலாவ் என்ற இரண்டு பழைய எரிமலைகளின் மிச்சம். மெல்லிய குழம்பு ஓட்டங்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை. அடுக்குகளுக்கு இடையே சொரசொரப்பான கல்லும் வெற்றிடமும் இருப்பதால் மழைநீர் தாராளமாக உள்ளே இறங்கும். கூலாவ் முகட்டில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. அந்த நீர் இறங்கி, பாறைக்குள் ஏற்கெனவே புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் லேசு, உப்புநீர் கனம். நெதர்லாந்தின் கைபன், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் இந்தக் கணக்கைத் தனித்தனியே கண்டு சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும்.

கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது அல்லவா? அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே 1 மீட்டர் குறைந்தால், கீழே 40 மீட்டர் நன்னீர் போயிற்று. அந்த இடத்துக்கு உப்பு ஏறி வரும்.

ஓவாஹுவில் அதுதான் நடந்தது. 1879-இல் ஏவா சமவெளியில் முதல் ஆர்ட்டீசியன் கிணறு போட்டார்கள். தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வந்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். கரும்புத் தோட்டங்கள் பெருகின. கிணற்றுக்கு மேல் கிணறு, கிணற்றுக்கு மேல் கிணறு! பல கிணறுகளை மூடாமல் இரவும் பகலும் வழிய விட்டார்கள். தொடக்கத்தில் ஹொனலூலுவில் நீர்மட்டம் கடலுக்கு மேல் ஏறக்குறைய 13 மீட்டர் நின்றது. அடுத்த அரை நூற்றாண்டில் அது மடமடவென இறங்கியது. கிணறுகள் உவர்த்தன. 1929-இல் ஹொனலூலு தண்ணீர் வாரியம் பிறந்தது. வழிந்த கிணறுகளை அடைப்பதும் அளவிடுவதும் தொடங்கின.

அந்தக் காலத்தில் வந்து சேர்ந்தார் ஹரால்ட் ஸ்டேர்ன்ஸ் என்ற நிலவியலாளர். 1930-களில் தீவு முழுதும் நடந்து வரைந்தார். தண்ணீரைத் தேடி அனுப்பியவர்களுக்கு அவர் கொண்டுவந்து கொடுத்தது எரிமலையின் உடற்கூறு. எரிமலை உயிரோடிருந்தபோது குழம்பு மேலேறி வந்த வெடிப்புகள் உறைந்து, செங்குத்தான பாறைச் சுவர்களாக நிற்கின்றன. நிலவியலில் டைக் என்பார்கள். அடுக்குப்பாறை தண்ணீரை விட்டுவிடும். டைக் எளிதில் விடாது. இரண்டு சுவர்களுக்கு நடுவே மழைநீர் சிக்கிக்கொண்டு, கடல்மட்டத்துக்கு வெகு உயரத்தில் தேங்கி நிற்கும். சுவர்கள் எங்கே நெருங்கி நிற்கின்றன, எங்கே மழை இறங்குகிறது, எங்கே கடற்கரைப் படிவம் நீரை அடைத்து நிறுத்துகிறது, எல்லாம் 1935-லும் 1939-லும் வெளியான நூலிலும் வரைபடத்திலும் வந்தன. கிணற்றை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது, எவ்வளவு எடுக்கலாம் என்ற பேச்சு அதன் பிறகு ஊகத்தை விட்டுத் தரையில் நின்றது.

அதற்கு முன்பே நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1913 முதல் 1916 வரை, தீவின் மழைப்பக்கத்திலிருந்து கரும்புப் பக்கத்துக்கு ஓடைநீரைக் கொண்டுபோக, கூலாவ் மலையைத் துளைத்து வயாஹோலே சுரங்கம் வெட்டினார்கள். வெட்டும்போது டைக் சுவர்கள் உடைந்தன. சிக்கியிருந்த நீர் பீறிட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு லாபம். மலையின் மறுபுறம்? சேமிப்பு வடிந்ததால் ஓடைகள் மெலிந்தன. அந்த ஓடைகளை நம்பிச் சேப்பங்கிழங்கு பயிரிட்ட குடும்பங்களுக்கு நீர் குறைந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் கரும்பு ஓய்ந்தபோது, எங்கள் ஓடைக்கு நீரைத் திருப்பிக் கொடுங்கள் என்று அந்த மக்கள் கேட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் ஹவாய் உச்ச நீதிமன்றம், நீர் பொதுமக்களுக்கான அறக்கட்டளைச் சொத்து என்ற கோட்பாட்டை உறுதியாக நிலைநாட்டித் தீர்ப்புச் சொன்னது. சுரங்கத்து நீர் ஓடையின் நீர்தான் என்று அந்த மக்கள் வாதாட முடிந்ததே, எதனால்? பாறைச் சுவர் எங்கே நின்றது, எங்கே உடைந்தது என்று நிலவியல் சொன்னதால். வரைபடம் அங்கே ஏழைக் குடியானவரின் பக்கம் நின்று சாட்சி சொன்னது.

இன்னும் ஒரு சம்பவம். இது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. ஹொனலூலுவுக்கு அருகே ரெட் ஹில் என்ற மேட்டுக்குள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 20 ராட்சத எரிபொருள் தொட்டிகளைக் குடைந்து வைத்தார்கள். அவற்றுக்கு அடியில் ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் தீவின் குடிநீர். 2021 நவம்பரில் விமான எரிபொருள் கசிந்து கிணற்றில் கலந்தது. ஏறக்குறைய 93,000 பேருக்குப் போன தண்ணீர் அது. குழந்தைகளைக் குளிப்பாட்டிய நீரில் எண்ணெய் வாடை. நகரத் தண்ணீர் வாரியம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த தன் பெரிய நீர்ச்சுரங்கத்தை உடனே மூடியது. ஏன் மூட வேண்டும்? அது வேறு பள்ளத்தாக்குதானே? அங்கேதான் கேள்வி. ரெட் ஹில்லுக்கு அடியில் உள்ள நீர் எந்தத் திசையில் நகர்கிறது? நடுவில் உள்ள பழைய பள்ளத்தாக்கின் மண்படிவம் அதைத் தடுக்கிறதா, எவ்வளவு ஆழம் வரை தடுக்கிறது? உறுதியான விடை இல்லாதபோது மக்கள் உயிரோடு பந்தயம் கட்டக் கூடாது என்று மூடினார்கள். தாய்மார்களும் பழங்குடி ஹவாய் மக்களும் வீதிக்கு வந்தார்கள். 2022 மார்ச்சில் அந்தக் கிடங்கையே மூட உத்தரவு வந்தது.

சரி, இனி நம் பக்கம் திரும்புவோம். தக்காணத்து எரிமலைப் பாறை ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது, பெரும்பகுதி மகாராஷ்டிரத்தில். ஓவாஹுபோல் அது இளம் பாறை அல்ல. மிக முதிர்ந்தது. ஓர் அடுக்கு குமிழிகளும் வெடிப்புகளும் நிறைந்து நீர் கொடுக்கும். அதற்கு அடுத்த அடுக்கு இறுகிப்போய் ஒரு சொட்டும் கொடுக்காது. ஒருவர் கிணற்றில் நீர் இருக்க, நூறு அடி தள்ளிப் பக்கத்து நிலத்துக்காரர் கடன் வாங்கிப் போட்ட போர் புகையாகப் போவதற்குக் காரணம் இதுதான். புனேயில் இயங்கும் அக்வாடாம் என்ற அமைப்பைச் சேர்ந்த நிலவியலாளர்கள் கிராமம் கிராமமாகப் போய், ஊர்க்காரர்களோடு நடந்து, கிணறுகளின் உட்சுவரில் தெரியும் பாறை அடுக்குகளைக் குறித்து, நீர் தாங்கும் அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கிணற்று மட்டத்தை அளக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். என் பார்வையில், இந்த நாட்டில் நிலவியல் செய்திருக்கும் மிக உயர்ந்த காரியங்களில் இது ஒன்று.

தமிழ்நாட்டில் எரிமலை அடுக்கு இல்லை. ஆனால் மாநிலத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. நீர் பிளவுகளில்தான் ஓடுகிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கருப்பு கிரானைட் என்று வெட்டியெடுக்கிறோமே, அந்தக் கல்லில் பெரும்பகுதி டைக் பாறை. ஓவாஹுவில் சொன்ன அதே வகைச் சுவர், 100 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. சில இடங்களில் அது நீரைத் தடுத்து நிறுத்துகிறது. அதன் ஓரத்து வெடிப்பில் சில இடங்களில் நீர் ஓடுகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் வாருங்கள். அது மணல், எரிமலை அல்ல. ஆனால் கைபனும் ஹெர்ஸ்பெர்க்கும் சொன்ன கணக்கு அங்கேயும் அதேதான். அளவுக்கு மீறி இறைத்தோம். கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நாடு முழுவதும் நீர்தாங்கு பாறைகளை வரைந்து வருகிறது. மாவட்ட வாரியாக அறிக்கைகள் இருக்கின்றன. நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊராட்சியில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்? ரிக் லாரி வயலுக்குள் வரும் முன்பு யாராவது அதை விரித்துப் பார்த்தார்களா? அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேளுங்கள். எங்கள் ஒன்றியத்தின் நிலத்தடி நீர் வரைபடம் வேண்டும், தமிழில் வேண்டும், ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். ஊரில் எந்தக் கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு என்று மாதம் ஒருமுறை அளந்து அதன் பக்கத்தில் எழுதுங்கள். அளக்கத் தேவையானது ஒரு கயிறும் ஒரு பிள்ளையும் மட்டுமே.

இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்கள் இந்த மாவட்டத்தின் நிலவியல் வரைபடத்தை மண்டபத்தின் பின்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊர் எந்த நிறத்தின் மேல் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அந்த நிறத்தைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள். நான் அங்கேயே நிற்கிறேன்.